மூப்பெய்திய கப்பல்களும் முடங்கிய கடல் வழிகளும்

மனிதன் எழுப்பும் பேருருவங்களுள் கப்பலின் ஆயுளே மிகக் குறுகியது. கோயிலும் கோட்டையும் பல நூற்றாண்டுகள் நிலைக்கின்றன. நன்கு கட்டப்பட்ட வீடு நான்கு தலைமுறையைக் காணும். ஆயிரக்கணக்கான தொழிலாளர் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கும் பெரிய பயணிகள் கப்பலோ முப்பது ஆண்டுகளைக் காண்பதே அரிது. அதன் முடிவை நிர்ணயிப்பவை உப்பு நீரும் துருவும் மட்டுமல்ல. கப்பலிற் பயணஞ் செய்வோரின் தொகையும், உரிமையாளரின் கணக்கேடும் அம்முடிவை விரைவுபடுத்துகின்றன. பிரயாணம் பெருகியிருக்கும் காலத்திற் பழைய கப்பலும் வருவாய் தரும். பிரயாணம் குன்றிய காலத்தில் முதலில் விலக்கப்படுவது அதுவே. கடந்த நூறாண்டுகளில் இவ்வுண்மையை உலகம் தெளிவாகக் கண்ட காலங்கள் இரண்டு. ஒன்று 1930-ஆம் ஆண்டுகளில் வந்த பொருளாதார மந்தம். மற்றொன்று 2020-ஆம் ஆண்டில் வந்த பெருந்தொற்று.

முதலாவது வரலாற்றின் களம் அத்திலாந்திக் சமுத்திரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் இடையில் மனிதர் செல்வதற்குக் கப்பலன்றி வேறு வழியில்லை. அவ்வழியிற் செல்வாக்குப் பெறுவதற்காக நாடுகள் போட்டியிட்டன. ஜெர்மானியக் கப்பல்கள் வேகத்தில் முன்னணியில் நின்றமையால், பிரித்தானிய அரசாங்கம் குனார்ட் கம்பனிக்கு 2,600,000 பவுண் கடன் கொடுத்து இரண்டு கப்பல்களைக் கட்டச் செய்தது. ஒன்று லூசித்தேனியா; மற்றையது மொரிட்டேனியா. மொரிட்டேனியா, இங்கிலாந்தின் வடகிழக்கிலே தைன் ஆற்றங்கரையிலுள்ள வால்சென்ட் என்னும் ஊரிற் கட்டப்பட்டு, 1906-ஆம் ஆண்டு செப்டெம்பர் 20-ஆந் திகதி நீரில் இறக்கப்பட்டது. அதன் நீளம் 790 அடி; நிறை ஏறத்தாழ 32,000 தொன்; புகைபோக்கிகள் நான்கு. அக்காலத்திற் புதுமையாயிருந்த நீராவிச் சுழலி இயந்திரங்கள் அதனை இயக்கின. அத்திலாந்திக்கை அதிவிரைவிற் கடக்கும் கப்பலுக்குரிய நீல நாடா என்னும் பெருமையை மேற்றிசைப் பயணத்தில் 1909-ஆம் ஆண்டிலே பெற்று, 1929-ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கப்பலாகிய பிரெமென் அதனைப் பறிக்கும்வரை, இருபது ஆண்டுகள் அது தன்வசம் வைத்திருந்தது. லூசித்தேனியா 1915-ஆம் ஆண்டிலே நீர்மூழ்கிக் கப்பலொன்றினால் தாக்கப்பட்டு மூழ்கியது. மொரிட்டேனியாவோ முதலாம் உலகப்போரிற் படைவீரரையும் காயமுற்றோரையும் ஏற்றிச் சென்று, உயிர் தப்பி, மீண்டும் தன் பழைய தொழிலுக்கு வந்தது.

குனார்ட் கம்பனியின் போட்டியாளரான வைட் ஸ்டார் கம்பனி, வேகத்திலும் பார்க்கப் பருமனையும் சுகத்தையும் பெரிதாகக் கருதியது. அக்கம்பனி பெல்பாஸ்ட் நகரிலே கட்டுவித்த மூன்று சகோதரக் கப்பல்களுள் டைற்றானிக்கின் கதையை உலகமே அறியும். இளைய கப்பலாகிய பிரித்தானிக் 1916-ஆம் ஆண்டிலே ஈஜியன் கடலிற் கண்ணிவெடியினால் மூழ்கியது. மூத்த கப்பலாகிய ஒலிம்பிக் ஒன்றே நெடுங்காலம் வாழ்ந்தது. 1911-ஆம் ஆண்டு யூன் மாதம் முதற் பயணத்தைத் தொடங்கிய அக்கப்பல், இருபத்துநான்கு ஆண்டுகள் கடலில் உழைத்தது. கடலோடிகள் அதனை நம்பத்தக்க முதியவள் என்று அன்போடு அழைத்தனர்.

இப்பெருங் கப்பல்களின் அலங்கார மண்டபங்களையே மக்கள் பெரிதும் பேசினர். எனினும் கம்பனிகளின் வருவாய்க்குப் பெருந்துணையாயிருந்தவர்கள் கீழ்த்தளங்களிற் பயணஞ் செய்த ஏழைக் குடியேறிகளே. பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற அம்மக்களின் கட்டணம் சிறிது, தொகையோ பெரிது. 1921-ஆம் ஆண்டிலும் 1924-ஆம் ஆண்டிலும் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய குடிவரவுச் சட்டங்கள் அந்த வாயிலைப் பெரும்பாலும் அடைத்துவிட்டன. கம்பனிகள் கீழ்த்தளங்களைத் திருத்தி, மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் நடுத்தர வருவாயுள்ளோர்க்கும் ஏற்ற உல்லாசப் பிரயாணிகள் வகுப்பாக மாற்றின. ஓரளவு இழப்பு ஈடுசெய்யப்பட்டது. அந்த வேளையிற்றான் 1929-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நியூயோர்க் பங்குச்சந்தை வீழ்ந்தது. வங்கிகள் மூடப்பட்டன, தொழிற்சாலைகள் நின்றன, உல்லாசப் பிரயாணமோ எல்லாவற்றுக்கும் முன்னே கைவிடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அத்திலாந்திக்கைக் கடப்போரின் தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று.

வெறுமையான அறைகளோடு ஓடும் கப்பலுக்கும், நிறைந்த அறைகளோடு ஓடும் கப்பலுக்கும் எரிபொருட் செலவில் வேறுபாடு மிகச் சிறிதே. மாலுமிகளின் சம்பளமும், துறைமுகக் கட்டணமும், காப்புறுதியும் குறைவதில்லை. துறைமுகத்திற் கட்டிவைத்தாலும் செலவு நிற்பதில்லை. ஆதலாற் கம்பனிகள் முதிய கப்பல்களுக்குப் புதிய தொழிலொன்றைக் கண்டுபிடித்தன. மேற்கிந்தியத் தீவுகளுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் குறைந்த கட்டணத்தில் உல்லாசச் சுற்றுப்பயணங்கள் நடத்தப்பட்டன. அமெரிக்காவில் 1933-ஆம் ஆண்டு இறுதிவரை மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்தமையால், அந்நாட்டுக் கடலெல்லைக்கு அப்பாற் சென்று குடித்து மகிழ்ந்து திரும்புவதற்கென்றே சிலர் கப்பலேறினர். கரிய மேனியோடு அத்திலாந்திக்கை ஆண்ட மொரிட்டேனியாவுக்கு வெண்ணிறம் பூசப்பட்டது. வெப்பக் கடல்களில் உலாவுவதற்கு அந்நிறம் ஏற்றதாயிருந்தது. வேகத்துக்கெனக் கட்டப்பட்ட கப்பல், அவசரமில்லாதவர்களைச் சுமந்து மெல்லச் சென்றது. இன்று பெருந்தொழிலாக வளர்ந்திருக்கும் உல்லாசக் கப்பற் பயணத்தின் வரலாற்றில், வேலையிழந்த முதிய கப்பல்களுக்கு இவ்வாறு ஓரிடம் உண்டு.

அதே காலத்திற் குனார்ட் கம்பனி வேறொரு பெரிய முயற்சியில் இறங்கியிருந்தது. சவுதாம்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே வாரந்தோறும் சேவை நடத்துவதற்கு மூன்று கப்பல்கள் தேவைப்பட்டன. போதிய வேகமுள்ள இரண்டு பெருங் கப்பல்கள் இருந்தால் அதே சேவையை நடத்தலாம்; ஒரு கப்பலின் செலவு முழுவதும் மிஞ்சும். இக்கணக்கின்படி 1930-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்கொத்லாந்தின் கிளைட்பாங்க் நகரிலே புதிய கப்பலொன்றின் வேலை தொடங்கிற்று. அதற்குப் பெயர் வெளியிடப்படவில்லை; 534 என்னும் இலக்கத்தாலேயே அது அறியப்பட்டது. ஓராண்டு கழிந்து, 1931-ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் பணமின்றி வேலை நின்றது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வீடு திரும்பினர். அரைகுறையாய் நின்ற அந்த இரும்பு உருவம் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் துருவேறிக்கொண்டு நின்று, நாட்டின் நிலைமைக்கே ஓர் அடையாளமாயிற்று.

ஈற்றில் அரசாங்கம் தலையிட்டது. நிதியமைச்சராயிருந்த நெவில் சேம்பர்லின், குனார்ட் கம்பனியும் நலிவுற்றிருந்த வைட் ஸ்டார் கம்பனியும் ஒன்றுசேர்ந்தாற் கடன் தரலாம் என்று நிபந்தனை விதித்தார். 1934-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் வாயிலாக 9,500,000 பவுண் வரையிற் கடன் வழங்க ஏற்பாடாயிற்று. கம்பனிகள் இணைந்தன, கிளைட்பாங்கில் வேலை மீண்டும் தொடங்கிற்று, தொழிலாளர் ஆரவாரத்தோடு தளத்துக்குத் திரும்பினர். ஆனால் இணைந்த கம்பனியிடம் தேவைக்கு மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. புதியவற்றுக்கு இடம் வேண்டுமானாற் பழையவை போக வேண்டும். கல்காரிக், அல்பேர்ட்டிக், ஏட்ரியாட்டிக், ஹோமரிக், ஒலிம்பிக், மொரிட்டேனியா என்பன ஒன்றன்பின் ஒன்றாக விலக்கப்பட்டன. இவற்றுட் சில யப்பானிலுள்ள ஒசாக்கா வரை சென்று உடைபட்டன.

1934-ஆம் ஆண்டு செப்டெம்பர் 26-ஆந் திகதி கிளைட்பாங்கிலே 534-ஆம் இலக்கக் கப்பல், குயீன் மேரி என்ற பெயரோடு நீரில் இறக்கப்பட்டது. அதே நாளில் மொரிட்டேனியா நியூயோர்க்கிலிருந்து தன் இறுதிப் பயணத்தைத் தொடங்கியது. பின்னர் சவுதாம்டன் துறையில் அது மாதக்கணக்கில் வெறுமனே நின்றது. 1935-ஆம் ஆண்டு மே மாதம் அதன் பொருள்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. செதுக்கு வேலைப்பாடமைந்த மரப்பலகைகளும், நாற்காலிகளும், விளக்குகளும், பெயர்ப் பலகையின் எழுத்துக்களும் விலைபோயின. யூலை மாதத்தில் ஸ்கொத்லாந்தின் ரொசைத் துறையை நோக்கி அது தன் சொந்த இயந்திர வலுவிலேயே புறப்பட்டது. வழியிலே தைன் ஆற்றின் முகத்துக்கு அப்பாற் சிறிது நேரம் தரித்து நின்றது. இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அக்கப்பலுக்கு ஆணி அறைந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் கரையிலே திரண்டு விடைகொடுத்தனர். போர்த் ஆற்றுப் பாலத்தின் கீழே நுழைவதற்காக அதன் கொடிமரங்கள் முன்னரே குறைக்கப்பட்டிருந்தன.

ஒலிம்பிக்கின் முடிவோ தைன் ஆற்றங்கரையிலேயே நிகழ்ந்தது. அங்கே ஜாரோ என்றொரு சிறிய நகரம் உண்டு. 1850-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சார்ள்ஸ் பாமர் என்பவர் அங்கே கப்பற் கட்டுந்தளத்தை நிறுவியபின், அத்தளமே நகரத்தின் உயிராயிற்று. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் ஆயிரம் வரையிலான கப்பல்கள் அங்கிருந்து நீரில் இறங்கின. கப்பல் வாங்குவார் இல்லாத மந்த காலத்தில், 1933-ஆம் ஆண்டிலே பாமர் கம்பனி முறிந்தது. மிதமிஞ்சிய கட்டுந்தளங்களை வாங்கி மூடுவதற்கெனக் கப்பல் கட்டும் முதலாளிகள் 1930-ஆம் ஆண்டில் அமைத்திருந்த கூட்டுத் தாபனமொன்று அத்தளத்தை விலைக்கு வாங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு அங்கே கப்பல் கட்டலாகாது என்பது நிபந்தனை. ஒரே தொழிலை நம்பி வாழ்ந்த நகரத்தில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் வேலையற்றோராயினர்.

அந்நிலையைக் கண்டு இரங்கியவர்களுள் சேர் ஜோன் ஜார்விஸ் என்னும் செல்வரும் ஒருவர். அவர் இங்கிலாந்தின் தெற்கிலே, செழிப்பான சறே மாகாணத்தைச் சேர்ந்த பாராளுமன்ற உறுப்பினர். ஜாரோ மக்களுக்கு வேலை கொடுக்க வேண்டுமென்ற நோக்கத்தோடு 1935-ஆம் ஆண்டில் அவர் ஒலிம்பிக் கப்பலை ஏறத்தாழ 100,000 பவுணுக்கு வாங்கி, அதனை ஜாரோவிலேயே உடைக்க வேண்டுமென்ற ஏற்பாட்டுடன் உடைப்புக் கம்பனியொன்றுக்கு விற்றார். அவ்வாண்டு ஒக்டோபர் 13-ஆந் திகதி கப்பல் ஜாரோவை அடைந்தது. கப்பல் கட்டுவதிற் கைதேர்ந்தவர்கள் சுடர்க் குழாய்களை ஏந்தி, பெல்பாஸ்ட் தொழிலாளர் இணைத்த உருக்குத் தகடுகளைத் துண்டு துண்டாக வெட்டினர். அத்தொழில் சில நூறு குடும்பங்களுக்குச் சோறு போட்டது. உதவியின் உண்மையை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் கப்பலை உடைப்பது ஒருமுறை செய்யும் வேலை. உடைத்து முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். கட்டுந்தளம் தந்த தொழிலோ தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது.

ஆகவேதான் ஒலிம்பிக் உடைபட்டுக்கொண்டிருந்தபோதே ஜாரோ மக்கள் நீதி கேட்டு நடந்தனர். 1936-ஆம் ஆண்டு ஒக்டோபர் 5-ஆந் திகதி இருநூறு ஆடவர் ஜாரோவிலிருந்து இலண்டனை நோக்கிப் புறப்பட்டனர். தூரம் ஏறத்தாழ 300 மைல். தங்கள் நகருக்குத் தொழில் வேண்டுமென்று பல்லாயிரவர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை மரப்பேழையொன்றிற் சுமந்து சென்றனர். அந்நகரின் பாராளுமன்ற உறுப்பினராகிய எலன் வில்கின்சன் அம்மையார் வழியின் பல பகுதிகளில் அவர்களோடு நடந்தார். மாத இறுதியில் அவர்கள் இலண்டனை அடைந்தனர். விண்ணப்பம் பாராளுமன்றத்திற் கையளிக்கப்பட்டது, பயன் விளையவில்லை. நடைபயணத்திற் சென்ற நாள்களில் வேலை செய்ய ஆயத்தமாக இருக்கவில்லையென்று காரணங்காட்டி, அவர்களுடைய உதவிப்பணமும் குறைக்கப்பட்டது. 1937-ஆம் ஆண்டிலே ஒலிம்பிக்கின் எஞ்சிய அடிப்பாகம் ஸ்கொத்லாந்திலுள்ள இன்வர்கீதிங்குக்கு இழுத்துச் செல்லப்பட்டது. ஜாரோவுக்கு வேலை திரும்பியது, நாடு போருக்கு ஆயத்தஞ் செய்யத் தொடங்கிய பின்னரேயாம்.

பழைய கப்பல்களை விலக்கியது தவறா என்று கேட்டால், விடை எளிதன்று. இரண்டாம் உலகப்போரில் குயீன் மேரி படைவீரரை ஏற்றிச் சென்றது. 1943-ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒரே பயணத்தில் 16,683 பேரை அது சுமந்தது. புதிய கப்பலுக்கெனச் செய்த தியாகம் வீண்போகவில்லை என்பதற்கு இது சான்று. மறுபுறத்தில், தேவையில்லை என்று மூடப்பட்ட கட்டுந்தளங்களின் அருமை, நீர்மூழ்கிகளால் இழந்த கப்பல்களுக்கு ஈடு கட்ட முற்பட்டபோது உணரப்பட்டது. மந்தகாலக் கணக்கு அந்தக் காலத்துக்கே பொருந்தும். அடுத்து வருங் காலத்தை அது அறிவதில்லை.

இவ்விரண்டு காலங்களுக்கும் இடையில், இலங்கை மக்கள் நேரிற் கண்ட மாற்றம் ஒன்றும் உண்டு. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிற் சென்ற பெருங் கப்பல்கள் சூயெஸ் கால்வாயைக் கடந்து கொழும்பிலே தரிப்பது வழக்கம். ஹிமாலயா, ஒர்க்காடெஸ், ஒறன்சே முதலிய பெயர்கள் அக்காலத்திற் கொழும்பு வாசிகளுக்குப் பழக்கமானவை. மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்ற இளைஞர் பலர் இத்தகைய கப்பல்களிலேயே ஏறிச் சென்றனர். 1958-ஆம் ஆண்டில் அத்திலாந்திக்கைத் தாண்டி ஜெட் விமான சேவை தொடங்கியபின், அம்மாற்றம் மெல்லக் கிழக்கிலும் பரவியது. கொழும்புக்கும் இரங்கூனுக்கும் வந்த பிபி கம்பனியின் பயணிகள் சேவை 1965-ஆம் ஆண்டில் நின்றது. 1967-ஆம் ஆண்டுப் போரினால் மூடுண்ட சூயெஸ் கால்வாய் 1975-ஆம் ஆண்டுவரை திறக்கப்படவில்லை. 1973-ஆம் ஆண்டில் எண்ணெய் விலை ஏறியது, எஞ்சியிருந்த கப்பல்களுக்கும் தாங்கொணாச் சுமையாயிற்று. ஹிமாலயாவும் ஒர்க்காடெஸும் ஒறன்சேயும் 1970-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் தாய்வானின் காவோசியுங் துறையில் உடைக்கப்பட்டன.

பயணிகள் சேவை மறைந்தாலும் உல்லாசச் சுற்றுப்பயணம் வளர்ந்தது. 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் உல்லாசக் கப்பல்களிற் பயணஞ் செய்தனர். 2020-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் யப்பானின் யோக்கொஹாமாத் துறையிலே டயமண்ட் பிரின்செஸ் என்னும் கப்பல் கொரோனாத் தொற்றினால் தடுத்து வைக்கப்பட்டது. அதிலிருந்த ஏறத்தாழ 3,700 பேருள் 700-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். மார்ச் மாதத்தின் நடுப்பகுதிக்குள் உலகின் உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் நின்றுவிட்டன. 1930-ஆம் ஆண்டுகளிற் பயணிகள் பாதியாயினர். 2020-இலோ பல மாதங்கள் பயணிகளே இல்லை. கப்பல்களில் வேலை செய்த பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளைச் சேர்ந்த பல்லாயிரவர், துறைமுகங்கள் அனுமதி மறுத்தமையால் மாதக்கணக்கிற் கடலிலேயே தங்கினர்.

இத்தொழிலில் மிகப் பெரிய நிறுவனமான கார்னிவல், அவ்வாண்டு 1,000 கோடி டொலருக்கு மேல் நட்டமடைந்தது. தன் கப்பல்களுள் 18-ஐ விலக்குவதாக அது அறிவித்தது. அவை அந்நிறுவனத்தின் முழுக் கொள்ளளவில் நூற்றுக்கு 12 பங்கு. ஆயினும் 2019-ஆம் ஆண்டின் தொழில் இலாபத்தில் அவை ஈட்டியது நூற்றுக்கு 3 பங்கே. முதிய கப்பல்கள் ஏன் முதலிற் செல்கின்றன என்பதற்கு இவ்விரண்டு எண்களே போதிய விளக்கம். புதிய கப்பலில் அறைகள் பல. ஒவ்வொரு பயணிக்கும் ஆகும் எரிபொருள் குறைவு. கடனிற் கட்டப்பட்ட புதிய கப்பலை விற்றாலும் கடன் தீராது. கடன் தீர்ந்த பழைய கப்பலோ இரும்பின் விலையையாவது கையிற் கொடுக்கும்.

அந்த இரும்பைத் தேடிக் கப்பல்கள் சென்ற இடங்களுள் முதன்மையானது துருக்கியின் மேற்குக் கரையில், இஸ்மீர் நகருக்கு வடக்கேயுள்ள அலியாகா. 1988-ஆம் ஆண்டில் உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பலாகப் புகழ்பெற்ற சொவரின், அதன் சகோதரியாகிய மொனார்க், 1990-ஆம் ஆண்டுக் கப்பலாகிய கார்னிவல் பேன்டசி முதலியன 2020-ஆம் ஆண்டின் கோடையில் அடுத்தடுத்து அக்கரையில் முகம் பதித்து நின்றன. அங்கு வேலை செய்த ஏறத்தாழ 2,500 தொழிலாளர், ஒரு கப்பலை உடைக்க ஆறு மாதங்கள் வரை எடுத்தனர். கட்டில், விளக்கு, கண்ணாடி முதலியவற்றை விடுதிக்காரர் வந்து வாங்கிச் சென்றனர். மொரிட்டேனியாவின் ஏலமும் இதுவும் ஒரே தன்மையன. 1965-ஆம் ஆண்டில் கிழக்கு ஜெர்மனியிலே அலெக்சாந்தர் புஷ்கின் என்ற பெயரோடு கட்டி முடிக்கப்பட்டு, பின்னர் மார்க்கோ போலோ என வழங்கிய கப்பல், ஐம்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தபின் 2021-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் குசராத்திலுள்ள அலங் கடற்கரையில் ஏற்றப்பட்டது.

ஜாரோவிலே வேலை தேடிய நகரத்துக்குக் கப்பலைக் கொண்டு வந்தனர். இக்காலத்திலோ கூலி மலிந்த கரையைத் தேடிக் கப்பல் செல்கின்றது. அலங்கிலே வற்றுப்பெருக்கு உயரமாதலால், பெருக்கின்போது கப்பலைக் கரையேற்றி, வற்றியபின் சேற்றில் நின்று உடைக்கின்றனர். பழைய கப்பல்களின் சுவர்களிலுள்ள கன்னார் என்னும் அஸ்பெஸ்டஸ் தூசி நுரையீரலை அரிக்க வல்லது. எண்ணெய்த் தாங்கிகள் தீப்பற்ற வல்லன. உயரத்திலிருந்து விழும் தகடு ஆளைக் கொல்ல வல்லது. இவ்விடர்களைக் கட்டுப்படுத்த 2009-ஆம் ஆண்டிலே ஹொங்கொங்கில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சர்வதேச உடன்படிக்கை, பதினாறு ஆண்டுகள் கழிந்து 2025-ஆம் ஆண்டு யூன் மாதத்திலேயே நடைமுறைக்கு வந்தது. உடைக்கும் கைகளின் பாதுகாப்பைப் பற்றி உலகம் எவ்வளவு மெதுவாகச் சிந்திக்கின்றது என்பதை அந்தப் பதினாறு ஆண்டுகள் காட்டுகின்றன.

2023-ஆம் ஆண்டில் உல்லாசக் கப்பற் பயணிகளின் தொகை, தொற்றுக்கு முந்திய அளவைத் தாண்டிவிட்டது. 2024-ஆம் ஆண்டு சனவரியில் ஒலிம்பிக்கைப் போல் ஐந்து மடங்கு பருமனுள்ள கப்பலொன்று புளோரிடாவிலிருந்து பயணத்தைத் தொடங்கிற்று. மந்தம் வந்தது, சென்றது. விலக்கப்பட்ட கப்பல்கள் உருக்கிய இரும்பாகி வேறு உருவங்களில் உலாவுகின்றன. கம்பனியின் கணக்கேட்டில் அவற்றின் வரலாறு இரும்பின் விலையோடு முடிந்துவிடும். அவற்றைக் கட்டியும் ஓட்டியும் உடைத்தும் பிழைத்த மக்களுக்கோ அவ்வாறு முடிவதில்லை. கப்பலுக்கு ஓய்வு கொடுக்கும் வேளையில், அதனோடு வாழ்ந்தவர்களுக்கு அடுத்த வேலை எங்கே என்ற வினாவையே 1936-ஆம் ஆண்டில் இருநூறு பேர் 300 மைல் நடந்து கேட்டனர். மந்தம் வருந்தோறும் அவ்வினாவுக்கு விடை தேடவேண்டிய கடமை நாடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் உண்டு.